எல்.ரி.டி. கொடுப்பனவை நிறுத்திவிட்டார்கள்: ஒன்ராறியோத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வைத்தியரின் அறையிலோ சட்டத்தரணியின் மேசையிலோ உரைபெயர்ப்பாளராக அமரும்போது ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வேலைத்தலக் காப்புறுதியிலிருந்து மாதாமாதம் வந்த பணம் நின்றுபோனவர்கள் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் ஒன்ராறியோச் சட்டத்தை ஒட்டியவை. ஒவ்வொருவருடைய காப்புறுதி ஒப்பந்தமும் வேறுபடும். உங்கள் விடயத்துக்கு உங்கள் ஒப்பந்தத்தைப் படித்த ஒரு சட்டத்தரணியின் வார்த்தையே செல்லும்.

1. எல்.ரி.டி. என்பது அரசாங்கம் தருகிற காசா? ஈ.ஐ. என்பதும் இதுதானா?

இல்லை. எல்.ரி.டி. என்று எல்லோரும் சொல்லும் நீண்டகால இயலாமைக் காப்புறுதி, பெரும்பாலும் உங்கள் வேலைத்தலம் ஒரு தனியார் காப்புறுதி நிறுவனத்திடம் வாங்கி வைத்திருக்கும் குழுக் காப்புறுதியின் ஒரு பகுதி. வருத்தம் வந்து 17 முதல் 26 வாரம் வரையான காத்திருப்புக் காலம் கழிந்தபின், சம்பளத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதத்தை மாதந்தோறும் தருவார்கள். தகுதி தொடர்ந்தால் பொதுவாக 65 வயது வரை கிடைக்கும்.

ஈ.ஐ. என்ற வேலைக் காப்புறுதியின் நோய்க்கால உதவி மத்திய அரசினுடையது. 2022 டிசம்பரிலிருந்து அதிகபட்சம் 26 வாரம். வேலையில் காயப்பட்டவர்களுக்கு டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற ஒன்ராறியோ இழப்பீட்டுச் சபை இருக்கிறது. நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர்களுக்கு சி.பி.பி. என்ற கனடா ஓய்வூதியத் திட்டத்தின் இயலாமை ஓய்வூதியம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் அரசின் தீர்ப்பாயங்கள் உண்டு. எல்.ரி.டி. ஓர் ஒப்பந்தம் என்பதால் அதன் பிணக்கு வழக்கமாக நீதிமன்றத்துக்குத்தான் போகும். யூனியன் உள்ளவர்களுக்கு விதிவிலக்கு உண்டு. 14ஆம் கேள்வியைப் பாருங்கள்.

2. இரண்டு வருடம் ஒழுங்காகப் பணம் வந்தது. என் வருத்தம் கொஞ்சமும் மாறவில்லை. பிறகு ஏன் நிறுத்தினார்கள்?

உங்கள் உடல் மாறாவிட்டாலும் ஒப்பந்தத்தில் உள்ள அளவுகோல் மாறிவிட்டது. பெரும்பாலான குழுக் காப்புறுதிகளில் முதல் 24 மாதம் 'உங்கள் சொந்த வேலையைச் செய்ய முடியுமா' என்று பார்ப்பார்கள். அதன்பிறகு 'உங்கள் கல்விக்கும் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் நியாயமாகப் பொருந்தும் எந்த வேலையையாவது செய்ய முடியுமா' என்பதே கேள்வி. பொதி தூக்கும் வேலை முடியாது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டபடியே, இருந்து செய்யும் வேலை முடியும் என்று கடிதம் எழுதலாம். அதனால்தான் நிறுத்தற் கடிதங்களில் பெரும்பகுதி 24ஆம் மாதத்தை ஒட்டி வருகின்றன.

'முழு இயலாமை' என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம். படுத்த படுக்கையாக இருந்தால்தான் முழு இயலாமை என்று சட்டம் சொல்லவில்லை. வேலையின் முக்கியமான கடமைகளைப் பெரும்பாலும் செய்ய முடியாத நிலையே போதும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 1983இல் சுக்கரோவ் வழக்கில் சொன்னது இன்றுவரை எடுத்தாளப்படுகிறது.

3. நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவன். இங்கே இருபது வருடம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். "நீங்கள் படித்தவர், அலுவலக வேலை செய்யலாம்" என்று எழுதியிருக்கிறார்களே, இது நியாயமா?

கடிதத்தோடு ஒரு திறன் ஆய்வு அறிக்கை வைத்திருப்பார்கள். உங்களை நேரில் பார்க்காமலே, விண்ணப்பப் படிவத்தில் இருந்த கல்வித் தகைமையையும் பழைய வேலைகளையும் கணினியில் இட்டு எடுத்த பட்டியல் அது. வாடிக்கையாளர் சேவை, தரவுப் பதிவு, கண்காணிப்பு அறைக் காவலர் என்று நாலைந்து வேலைகள் இருக்கும். அந்த வேலைகளுக்கு வேண்டிய ஆங்கிலம் உங்களிடம் இருக்கிறதா, கணினியில் தட்டச்சு செய்யத் தெரியுமா, உங்கள் ஆசிரியர் சான்றிதழுக்கு இங்கே மதிப்பு இருந்ததா என்பதையெல்லாம் அந்த அறிக்கை பெரும்பாலும் தொடுவதில்லை.

ஒப்பந்தத்தில் உள்ள 'நியாயமாகப் பொருந்தும்' என்ற சொல்லுக்கு இங்கேதான் வேலை. பல ஆண்டுக்கு முந்திய ஊர்ப் படிப்பு தாளில் இருக்கிறது என்பதற்காக நீங்கள் அந்த வேலைக்குத் தகுதியானவர் ஆகிவிடுவதில்லை. புதிதாகப் படித்துப் பயிற்சி பெற்றால் செய்யலாம் என்ற வேலையும், ஒப்பந்தம் அப்படிச் சொல்லாதவரை, பொதுவாகக் கணக்கில் வராது. சம்பளமும் முக்கியம்: பல ஒப்பந்தங்களில் மாற்று வேலை பழைய வருமானத்தின் ஒரு குறிப்பிட்ட விழுக்காட்டையாவது தர வேண்டும் என்று இருக்கும். அப்படி எழுதாவிட்டாலும், பழைய வருமானத்துக்குச் சற்றும் ஒவ்வாத வேலையை நீதிமன்றம் பொருத்தமானதென்று எளிதில் ஏற்பதில்லை.

பழைய வேலையின் உண்மையான விபரத்தை நீங்களே எழுதி வையுங்கள். எத்தனை மணி நேரம் நின்றீர்கள், எவ்வளவு பாரம் தூக்கினீர்கள், ஆங்கிலத்தில் எதைப் பேசினீர்கள், எதை எழுதினீர்கள். தமிழ் மேற்பார்வையாளரின் கீழ் தமிழிலேயே வேலை செய்தவர்கள் நிறையப் பேர். அது காப்புறுதி நிறுவனத்தின் கோப்பில் எங்கும் இருக்காது.

4. கடிதம் கையில் இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

கடிதத்தில் உள்ள திகதியையும், அது உங்களுக்குக் கிடைத்த திகதியையும் குறித்து வையுங்கள், உறையையும் எறியாதீர்கள். பிறகு மூன்றைக் கேட்டு எழுதுங்கள்: காப்புறுதி ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, உங்கள் கோரிக்கைக் கோப்பின் முழுப் பிரதி, நிறுத்துவதற்கு அடிப்படையாக எடுத்த மருத்துவ அறிக்கைகள். வேலைத்தலத்தில் கொடுத்த சிறு கைந்நூல் ஒப்பந்தம் ஆகாது.

தொலைபேசியில் வாதாட வேண்டாம். கோபத்தில் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அந்த அலுவலரின் குறிப்பில் ஏறும். பேச நேர்ந்தால், பேசியதை அன்றே மின்னஞ்சலில் சுருக்கி அனுப்பிவிடுங்கள். வைத்தியரிடம் போவதை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

5. "90 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்" என்று கடிதத்தில் இருக்கிறது. செய்யட்டுமா, நேரே வழக்குப் போடட்டுமா?

அந்த மேன்முறையீட்டைக் கேட்பவர் நீதிபதி அல்லர். நிறுத்திய அதே நிறுவனத்தின் வேறொரு மேசையில் இருப்பவர். ஒன்ராறியோவில், பொதுவாக, அதைச் செய்யாமலே வழக்குத் தொடரலாம். உங்களிடம் அவர்கள் பார்த்திராத வலுவான புதிய மருத்துவ அறிக்கை இருந்தால் ஒருமுறை அனுப்பிப் பார்ப்பதில் தவறில்லை. சிலருக்கு அதிலேயே பணம் திரும்ப வந்திருக்கிறது. அதே பழைய தாள்களை மூன்று தரம் அனுப்புவதால் ஒன்றும் ஆகாது.

காலம் ஓடிக்கொண்டிருக்கும் என்பதுதான் இதில் ஆபத்து. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகள் உண்டு. தெளிவாக நிறுத்தும் கடிதம் வந்ததிலிருந்தே அந்தக் கணக்குத் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்மேன்முறையீடு நடக்கிறது என்பதற்காகக் கடிகாரம் நிற்காது. கடைசி மறுப்பிலிருந்து கணக்கிட்ட தீர்ப்புகளும் இருக்கின்றன; அதை நம்பி உங்கள் உரிமையைப் பணயம் வைக்காதீர்கள்.

6. இரண்டு வருடம்தான் என்று அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! சொல்லியிருக்க வேண்டாமா?

சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் என் மனமும். ஆனால் சட்டம் அப்படி இல்லை. 2017இல் உசானோவிச் வழக்கில் இதே கேள்வி ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. காலக்கெடுவைப் பற்றி நிறுவனம் அறிவிக்கவே இல்லை, நல்லெண்ணக் கடமை அதைச் சொல்லக் கோருகிறது என்று வாதிட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அல்பேர்ட்டாவிலும் அறிவிக்க வேண்டுமென்று சட்டம் உண்டு, ஒன்ராறியோச் சட்டமன்றம் அப்படி எதுவும் இயற்றவில்லை என்று சொல்லி நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. வழக்கு காலங்கடந்ததாகவே முடிந்தது. சட்டமன்றம் இதை மாற்றும்வரை அந்த ஒரு வரியை நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

7. என் ஒப்பந்தத்தில் ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று இருக்கிறதே?

நோர்த் பேயைச் சேர்ந்த ஒரு பொலிஸ் அலுவலரின் வழக்கில், 2014இல், ஒப்பந்தத்தில் இருந்த ஓராண்டுக் கெடு அவரைக் கட்டுப்படுத்தாது, சட்டத்தின் இரண்டாண்டுதான் பொருந்தும் என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நமக்குச் சாதகமான தீர்ப்பு. இருந்தாலும் ஒருவருடம் என்று கண்டால் ஒரு வருடத்துக்குள் வழக்கைப் பதிந்துவிடுவதே புத்தி.

8. "இவரால் வேலை செய்ய முடியாது" என்று குடும்ப வைத்தியர் கடிதம் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஏன் ஏற்கவில்லை?

அந்த ஒரு வரி முடிவைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்லவில்லை. காப்புறுதி நிறுவனம் நோயின் பெயரைவிட, அந்த நோயால் உங்களால் எதைச் செய்ய முடியவில்லை என்பதைத்தான் அளக்கிறது. தொடர்ந்து எத்தனை நிமிடம் இருக்கலாம், எத்தனை நிமிடம் நிற்கலாம், கையை எவ்வளவு உயர்த்தலாம், மருந்தினால் மயக்கம் வருகிறதா, வாரத்தில் எத்தனை நாள் எழும்ப முடியாமல் போகிறது. நல்ல கடிதம் இந்த விபரங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பரிசோதனையில் எதைக் கண்டார் என்று சொல்லும். வைத்தியருக்கு நேரமில்லை என்றால், இந்தக் கேள்விகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள். சட்டத்தரணிகளும் இதைச் செய்வார்கள்.

இன்னொன்று நம்மவர்களிடம் அதிகம். வைத்தியர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், அவருடைய நேரத்தை எடுக்கக்கூடாது என்ற மரியாதைக்காக நலம் என்று சொல்லி, மருந்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறோம். அவர் கணினியில் 'நோயாளி முன்னேற்றம்' என்று ஒரு வரி பதிகிறார். அப்படிப் பத்து வரி சேர்ந்தால், நிறுத்தற் கடிதத்தின் முதல் பத்தியில் அந்தப் பத்தும் திகதியோடு வரும். அன்றைய நோவை அன்றே, உள்ளபடி, கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். இரவு எத்தனை மணிக்கு விழித்தீர்கள், யார் தலை வாரிவிடுகிறார்கள் என்பதும் வைத்தியர் குறிப்பில் இருக்க வேண்டிய விடயங்களே.

9. எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இல்லையாம். என் நோவை நான் எப்படி நிரூபிப்பது? மனச்சோர்வுக்கு எந்த ஸ்கான் இருக்கிறது?

'புறச்சான்று இல்லை' என்று கடிதத்தில் இருந்தால், ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பல ஒப்பந்தங்களில் இருக்காது. நாட்பட்ட நோவு சோதனைகளில் தெரியாமல் போனாலும் அதை அனுபவிப்பவர்களின் துன்பமும் இயலாமையும் உண்மையானவை என்று உச்ச நீதிமன்றம் 2003இல் மார்ட்டின் வழக்கில் எழுதியது. அது தொழிலாளர் இழப்பீட்டு வழக்கு என்றாலும் அந்தப் பார்வை இங்கும் எடுபடும்.

உங்களுடைய ஒழுங்கான, ஒன்றுக்கொன்று முரணில்லாத விபரிப்பு, நோவுச் சிகிச்சை நிபுணரின் அறிக்கை, உடலியக்கத் திறன் மதிப்பீடு, உங்களோடு வீட்டில் இருப்பவரின் சாட்சியம் எல்லாம் சான்றுகளே. மனச்சோர்வு, போர்க்கால அதிர்ச்சியின் பின்விளைவு போன்றவற்றில் சிகிச்சையே பெரிய பிரச்சினையாகிறது. 'தகுந்த சிகிச்சையில் இருக்க வேண்டும்' என்பது அநேகமாக எல்லா ஒப்பந்தங்களிலும் உண்டு. மனநல வைத்தியரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்கிக் குடும்ப வைத்தியரின் மாத்திரையோடு நின்றவர்களின் கொடுப்பனவு, சிகிச்சை போதாது என்ற ஒரே காரணத்தால் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அங்கே நடப்பது இரகசியம். போங்கள்.

10. அவர்கள் சொல்கிற வைத்தியரிடம் போக வேண்டுமா? போகாவிட்டால்?

பெரும்பாலான ஒப்பந்தங்கள் உங்களைப் பரிசோதனைக்கு அனுப்பும் உரிமையை நிறுவனத்துக்குத் தருகின்றன. நியாயமான காரணமின்றி மறுத்தால் அதையே காரணம் காட்டி நிறுத்தலாம். போங்கள், ஆனால் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மகளையோ மருமகனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூசும் விடயங்கள் விடுபட்டுப் போகும்; அவர்கள் சொன்னதில் பிழை இருந்ததா என்று பின்னால் வாதமும் வரும்.

எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எப்போது வெளியே வந்தீர்கள், உடலில் எதைத் தொட்டுப் பார்த்தார் என்று அன்று மாலையே எழுதி வையுங்கள். அந்த அறிக்கையின் பிரதியைக் கேட்டு உங்கள் வைத்தியரிடம் கொடுத்து, எதில் உடன்படவில்லை என்று எழுதச் சொல்லுங்கள்.

11. கடையில் அரிசி மூட்டை தூக்கியதை ஒளித்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். இனி வழக்கு அவ்வளவுதானா?

இல்லை. பொது இடத்தில் உங்களைப் படம்பிடிப்பதற்குத் தனியார் புலனாய்வாளர்களை நிறுவனங்கள் அமர்த்துவது வழக்கம்; அந்த வீடியோக்கள் நீதிமன்றத்திலும் காட்டப்படுகின்றன. ஆனால் சில நாள் பின்தொடர்ந்து சில நிமிடம் எடுத்த படம், அதற்கு அடுத்த நாள் நீங்கள் கட்டிலைவிட்டு எழும்பவில்லை என்பதைக் காட்டாது. ஒரு தடவை தூக்கியதும், ஒரு நாளில் எட்டு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், சொன்ன நேரத்துக்கு வந்து தூக்குவதும் வேறு வேறு.

உங்களை விழுத்துவது அந்த மூட்டையைவிட, படிவத்தில் நீங்கள் எழுதிய 'ஒருபோதும் தூக்க முடியாது' என்ற சொல்தான். 'எப்போதாவது பத்து இறாத்தல் தூக்கினால் இரண்டு நாள் நோவு' என்று எழுதியிருந்தால் வீடியோ உங்கள் சொல்லுக்கே சாட்சியாகியிருக்கும். இத்தகைய வீடியோவைப் பெரிதாக எடுத்து, மருத்துவச் சான்றே இல்லாமல் கொடுப்பனவை நிறுத்திய வழக்கைத்தான் 18ஆம் பதிலில் சொல்லியிருக்கிறேன்.

12. தங்கையின் மகளுடைய சாமத்தியவீட்டில் சேலை உடுத்துச் சிரித்த படம் பேஸ்புக்கில் இருக்கிறது. ஊருக்கும் ஒருதரம் போய்வந்தேன். இதெல்லாம் பிரச்சினையா?

படம் ஒரு குற்றமில்லை. ஆனால் அது கோப்பில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்குத் தொடங்கியபின் படங்களை அழிப்பது, சான்றை அழித்ததாகவே பார்க்கப்படும். அதைச் செய்ய வேண்டாம். 2009இல் ஒரு வாகன விபத்து வழக்கில், நண்பர்களுக்கு மட்டும் திறந்திருந்த பேஸ்புக் பக்கமும் வெளிப்படுத்தப்பட வேண்டிய ஆவணமாகலாம் என்று ஒன்ராறியோ நீதிமன்றம் சொல்லிவிட்டது. எவ்வளவு நேரம் மண்டபத்தில் இருந்தீர்கள், எப்போது வீட்டுக்குப் போய்ப் படுத்தீர்கள் என்பதைச் சொல்லக்கூடிய உறவினர்கள் இருப்பார்கள்.

பயணம் வேறு விடயம். கனடாவுக்கு வெளியே குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் தங்கினால் கொடுப்பனவு நிற்கும், அல்லது முன் அனுமதி வேண்டும் என்ற பிரிவு பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. செத்தவீட்டுக்கு ஓடிப்போகும் அவசரத்திலும் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போங்கள்.

13. சி.பி.பி.யே என்னை இயலாதவர் என்று ஏற்றுக்கொண்டது. இவர்கள் எப்படி மறுக்கலாம்?

மறுக்கலாம், சி.பி.பி.யின் முடிவு அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அது உங்களுக்கு நல்ல ஆயுதம். இயலாமை கடுமையானதாகவும் நீடித்ததாகவும் இருக்க வேண்டும், உருப்படியான வருமானம் தரும் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ய முடியாதவராக இருக்க வேண்டும் என்பதே சி.பி.பி.யின் நிபந்தனை. 2ஆம் பதிலில் சொன்ன இரண்டாம் அளவுகோலைவிட அது இலகுவானதல்ல.

ஒரு எச்சரிக்கை. சி.பி.பி. பணத்தை எல்.ரி.டி.யிலிருந்து கழிக்கும் பிரிவு ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் உண்டு. பின்திகதியிட்டு மொத்தமாக வரும் சி.பி.பி. காசைச் செலவழித்துவிடாதீர்கள், கூடுதலாகக் கொடுத்ததைத் திருப்பித் தா என்று காப்புறுதி நிறுவனம் கேட்கும்.

14. எனக்கு யூனியன் இருக்கிறது. நானே சட்டத்தரணி பிடிக்கலாமா?

யூனியனின் கூட்டு ஒப்பந்தம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இயலாமைக் கொடுப்பனவைத் தருவோம் என்று வேலைத்தலமே அதில் வாக்களித்திருந்தால் பிணக்கு நடுவரிடம் போக வேண்டும், நீதிமன்றம் கேட்காது. பிரீமியம் கட்டுவதாக மட்டும் வாக்களித்திருந்தால் காப்புறுதி நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாம். யூனியன் முறைப்பாட்டுக்கான கெடு சில வாரங்களாகக்கூட இருக்கும். கடிதம் வந்த கிழமையிலேயே யூனியனுக்கு எழுதுங்கள்.

15. வருத்தத்தில் இருக்கும்போதே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். எல்.ரி.டி.யும் போய்விட்டதா?

பொதுவாகப் போகாது. இயலாமை தொடங்கிய நாளில் நீங்கள் காப்புறுதிக்குள் இருந்தீர்களா என்பதே கேள்வி. வேலை பின்னர் முடிந்தது என்பதால் ஏற்கனவே பிறந்த உரிமை சாகாது.

ஆனால் வேலைத்தலம் பணிநீக்கத் தொகையோடு ஒரு விடுவிப்புப் பத்திரத்தில் கையொப்பம் கேட்கும். 'எல்லாக் கோரிக்கைகளையும், இயலாமைக் கொடுப்பனவு உட்பட, கைவிடுகிறேன்' என்ற வரி அதன் நடுவில் இருக்கலாம். சில ஆயிரம் டொலருக்காக 65 வயது வரைக்குமான உரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள். சட்டத்தரணி பார்க்காமல் அந்தத் தாளில் கை வைக்க வேண்டாம்.

16. மாதக் காசே இல்லை. சட்டத்தரணிக்கு எங்கே போவது?

இந்த வகை வழக்குகளைப் பல சட்டத்தரணிகள் வென்றால் மட்டும் விகிதக் கட்டணம் என்ற அடிப்படையில் எடுக்கிறார்கள். விகிதம், வைத்திய அறிக்கைகளின் செலவு யாருடையது, தோற்றால் எதிர்த்தரப்பின் செலவு யார் தலையில் விழும் என்ற மூன்றையும் கையொப்பத்துக்கு முன் கேளுங்கள். விகிதம் பேசித் தீர்க்கக்கூடியது. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் ஒரு சட்டத்தரணியிடம் 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். தமிழ் பேசுபவரைத் தேடுவது நல்லது. அதைவிட முக்கியம், எல்.ரி.டி. வழக்கு நடத்தியவரா என்பது. வீடு வாங்கியபோது கையொப்பம் வைத்த சட்டத்தரணி இதற்குச் சரிவரமாட்டார்.

17. நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டுமா?

பெரும்பாலான வழக்குகள் விசாரணை நாளுக்கு முன்பே சமரசத்தில் முடிகின்றன. ஆவணங்கள் பரிமாறுவார்கள், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஓர் அறையில் உங்களிடம் சத்தியத்தின் பேரில் கேள்வி கேட்பார், பிறகு மத்தியஸ்தம். ரொறன்ரோ, ஒட்டாவா, வின்சர் ஆகிய இடங்களில் தொடரும் குடியியல் வழக்குகளுக்கு மத்தியஸ்தம் கட்டாயம். கேள்வி அமர்வுக்கு உரைபெயர்ப்பாளர் உண்டு. ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்று பெருமைக்காக அதை மறுக்காதீர்கள். விளங்காத கேள்விக்குத் தலையாட்டிச் சொன்ன 'யேஸ்' பின்னால் உங்களுக்கே எதிராக வாசிக்கப்படும்.

18. இத்தனை மாதம் பட்ட மன உளைச்சலுக்கு நட்டஈடு இல்லையா?

உண்டு, எல்லோருக்கும் அல்ல. வங்கியில் வரவேற்பாளராக இருந்த ஃபிட்லர் என்பவருக்கு, நாட்பட்ட களைப்பும் தசைநோவும் இருந்தபோது, வீடியோவைக் காட்டி 1997இல் கொடுப்பனவை நிறுத்தியது சன் லைஃப் காப்புறுதி நிறுவனம். 2002இல் விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நிலுவையைத் தர முன்வந்தது. இயலாமைக் காப்புறுதியை மனிதர் வாங்குவதே மன நிம்மதிக்காக. அதைப் பறித்தால் மன உளைச்சலுக்கு ஈடு தர வேண்டும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லி 20,000 டொலரை உறுதி செய்தது. ஆனால் நிறுவனத்தைத் தண்டிப்பதற்கான தண்டனை நட்டஈடாக பிரிட்டிஷ் கொலம்பியா மேன்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த 100,000 டொலரை நீக்கியது. நிறுவனம் கெட்ட எண்ணத்தோடு நடக்கவில்லை என்ற விசாரணை நீதிபதியின் முடிவு நின்றது.

எல்லை தாண்டிய நடத்தைக்கு வேறு கணக்கு. செங்கல் அடுக்கும் தொழிலாளி ஒருவரின் வழக்கில், 2014இல், மன உளைச்சலுக்கு 100,000 டொலரும் தண்டனையாக 200,000 டொலரும் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் நிலைத்தன. 2023இல் பேக்கர் வழக்கில், பக்கவாதம் வந்த ஒரு மருத்துவமனை இயக்குநருக்கு ஜூரி கொடுத்த 15 இலட்சம் டொலர் தண்டனை நட்டஈட்டையும் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. காப்புறுதி நிறுவனம் தனக்குச் சாதகமான வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக் கோரிக்கையை மறுத்தது அங்கே அதற்கே எதிராகப் போனது. இந்தத் தொகைகளைக் கேட்டு உங்கள் வழக்கிலும் இவ்வளவு வரும் என்று எண்ணாதீர்கள். ஆனால் 4ஆம் பதிலில் சொன்னபடி முழுக் கோப்பையும் ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு இவையே விடை: அலுவலர்களின் உள்குறிப்புகளில்தான் அந்த நடத்தை தெரியும்.

19. மொத்தமாக ஒரு தொகை தருகிறோம், கோப்பை மூடுவோம் என்கிறார்கள். எடுக்கலாமா?

நீதிமன்றத்தில் வென்றால் பொதுவாகக் கிடைப்பது நிலுவையும், நீங்கள் தகுதியானவர் என்ற பிரகடனமும். மாதப் பணம் திரும்பத் தொடங்கும். எதிர்காலத்தையும் சேர்த்து மொத்தத் தொகை பெரும்பாலும் சமரசத்தில்தான் வரும். இன்று கையில் வரும் பணம் என்பதற்காகவும், வழக்கின் அபாயத்துக்காகவும் அதில் கழிவு இருக்கும். 35 வயதுக்காரருக்கும் 62 வயதுக்காரருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. பிள்ளைகள் சிறியவர்கள், வருத்தம் மாறாது என்றால் மாதப் பணத்தின் பாதுகாப்புப் பெரியது. மாதாமாதம் படிவமும் சந்தேகமுமாக வாழ்வதே நோயைக் கூட்டுகிறது என்றால் தொகையை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதும் நியாயமே.

வரியையும் பாருங்கள். பிரீமியம் முழுவதையும் நீங்களே கட்டியிருந்தால் கொடுப்பனவுக்கு வரி இல்லை. வேலைத்தலம் கட்டியிருந்தால் உண்டு. அப்படி வரி உள்ள திட்டத்தில் சமரசத் தொகையின் நிலுவைப் பகுதிக்கு வரி உண்டு, எதிர்காலப் பகுதிக்கு இல்லை என்று 2005இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சமரசப் பத்திரத்தில் எது நிலுவை, எது எதிர்காலம் என்று பிரித்து எழுத வேண்டும்.

பணம் தருவது உண்மையில் யார் என்றும் கேளுங்கள். சில இடங்களில் காப்புறுதி நிறுவனம் கோப்பை மட்டும் பார்க்கும். பணம் வேலைத்தலத்தின் சொந்தப் பையிலிருந்து வரும். நோர்டெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் முறிந்தபோது இப்படிப்பட்ட திட்டத்தில் இருந்த ஏறத்தாழ 400 நோயாளிகளின் கொடுப்பனவு 2010 டிசம்பர் 31உடன் நின்றுபோனது.

20. அமெரிக்காவில் இருக்கும் அண்ணா, உள்மேன்முறையீடு செய்யாமல் வழக்கே போட முடியாது என்கிறார். யார் சொல்வது சரி?

அவர் சொல்வது அவருடைய நாட்டுக்குச் சரி. அங்கே தனியார் வேலைத்தலத் திட்டங்களை 1974ஆம் ஆண்டின் எரிசா என்ற மத்திய சட்டம் ஆள்கிறது. நிறுத்திய கடிதத்துக்குப் பின் 180 நாள் மேன்முறையீட்டுக்கு உண்டு. அதைச் செய்து முடித்தால்தான் பொதுவாக நீதிமன்றம் போகலாம். அந்தக் கோப்பில் இல்லாத புதிய சான்றைப் பின்னர் சேர்ப்பது கடினம். தண்டனை நட்டஈடும் இல்லை. இணையத்தில் அமெரிக்கச் சட்டத்தரணிகளின் காணொளியைப் பார்த்துவிட்டு இங்கே முடிவெடுக்க வேண்டாம். உங்களுக்கு 5ஆம் பதில்தான்.

21. வென்று பணம் திரும்ப வந்துவிட்டது. மறுபடியும் நிறுத்துவார்களா?

நிறுத்தலாம். மாதப் பணத்துக்குத் திரும்பியவர் மீது ஒப்பந்தத்தின் எல்லா நிபந்தனைகளும் தொடர்கின்றன: படிவம், வைத்திய அறிக்கை, சிகிச்சை, பரிசோதனை. ஆனால் முன்பு நீதிமன்றம் தகுதியானவர் என்று சொல்லியிருந்தால், உங்கள் நிலையில் எது மாறியது என்று அவர்கள் காட்ட வேண்டியிருக்கும். புதிதாக ஒரு நிறுத்தற் கடிதம் வந்தால் அதற்குப் புதிய திகதி, புதிய இரண்டாண்டுக் கணக்கு. பழைய வழக்கின் கோப்பை, உங்கள் பக்க அறிக்கைகளோடு, சட்டத்தரணியிடமிருந்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகங்கள் பழைய கோப்புகளைச் சில ஆண்டுகளின் பின் அழித்துவிடும்.